அத்தியாயம் 7: டீசல் லைனும் கியர்பாக்ஸும் – எதை முதலில் தொடுவது?

டொயோட்டா ஹைலக்ஸ் 2022இல் இந்தியாவுக்கு வந்தபோது ஒரே 2.8 லிட்டர் டீசல் என்ஜினுக்கு இரண்டு டார்க் அளவுகள் போட்டிருந்தார்கள். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்றால் 500 நியூட்டன் மீட்டர். கையால் போடும் கியர் என்றால் 420. பவர் இரண்டிலும் 204 பி.எஸ்.தான். அந்த 80 நியூட்டன் மீட்டரைத் தர என்ஜினுக்குத் தெம்பில்லாமல் இல்லை. பின்னால் இருக்கும் கிளட்சும் கியர்பாக்ஸும் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் என்ஜினிலிருந்து விட வேண்டும் என்பது வண்டி செய்கிறவர்கள் எல்லோரும் போடும் கணக்கு. நம் ஊரில் பவர் ஏற்றக் கிளம்புகிறவர்கள் இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார்கள். முதலில் என்ஜினைக் கிளப்பி விட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்துக் கிளட்ச் பிளேட்டுக்குச் செலவு செய்கிறார்கள்.

இந்த அத்தியாயத்தில் வேலை வரிசை இதுதான்: டீசலைச் சுத்தமாக்குவது, கிளட்சைத் திடமாக்குவது, கியர்பாக்ஸின் ஆயிலையும் சூட்டையும் கவனிப்பது, கடைசியில் பவர். முதல் மூன்றையும் ஒழுங்காக முடித்தவர்களில் பாதிப் பேர் நான்காவதைக் கேட்பதே இல்லை.

நம் குள்ளஞ்சாவடி கடலூர்–விருத்தாசலம் சாலையில் இருக்கிறது. இங்கே ஹைலக்ஸ் அபூர்வம். மஹிந்திரா பொலிரோ பிக்கப், அசோக் லேலண்ட் தோஸ்த், டாடா யோதா இவைதான் உழைக்கிற வண்டிகள். நடுவில் ஒன்றிரண்டு இசுசு வி-கிராஸ். சுற்றுப்பட்டில் வேலையும் ஒரே மாதிரி இல்லை. பண்ருட்டி மண்டிக்குப் பலா, முந்திரித் தோப்பிலிருந்து மூட்டை, சவுக்குக் கம்பு, கடலூர் துறைமுகத்திலிருந்து ஐஸ் போட்ட மீன் பெட்டி. செம்மண் தோப்புக்குள் மணலில் இரண்டாம் கியரில் ஊர்ந்து வெளியே வரும் வண்டியும், விடியற்காலையில் மீனோடு பறக்கும் வண்டியும் ஒரே மாடலாக இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே மருந்து இல்லை.

பவரைத் தொடுவதற்கு முன்

“அண்ணே, வண்டி முன்ன மாதிரி இழுக்க மாட்டேங்குது. பம்ப்பக் கொஞ்சம் ஏத்தி விடுங்க.”

“லோடு எவ்வளவு தம்பி போடுற?”

“எப்பவும் போடுறதுதாண்ணே.”

“எப்பவும் போடுறது எவ்வளவு?”

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் வராது. 1.7 டன் பொலிரோ பிக்கப் சுமக்க வேண்டியது 1,700 கிலோ. அதன் 2.5 லிட்டர் என்ஜின் தருவது சுமார் 75 குதிரைத்திறன், 200 நியூட்டன் மீட்டர் அளவு டார்க். பச்சைச் சவுக்கை கேபினுக்கு மேலே அடுக்கினால் எடை கண்ணுக்குத் தெரிவதைவிட எங்கோ போய்விடும். ஒரே ஒரு தடவை லோடோடு எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள். அரை டன் கூடுதலாக இருந்தால் குறை என்ஜினில் இல்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாயில் தொடங்குகிறது. கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேற்கொண்டு 2,000. அந்தப் பணத்துக்கு நல்ல கிளட்ச் செட் வாங்கலாம்.

எடை சரியென்றால் ஏர் ஃபில்டரைக் கழற்றுங்கள். நெய்வேலி, வடலூர் பக்கம் அன்றாடம் ஓடும் வண்டிக்கு நிலக்கரித் தூசியும் சாம்பலும் செம்மண்ணும் சேர்ந்து கிடைக்கும். புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர் வரை இங்கே காத்திருக்க முடியாது. பிறகு டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸ்களைக் கையால் தடவுங்கள். கிளாம்ப் பக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அங்கே காற்று கசிகிறது. நான்கு சக்கரத்தையும் ஜாக்கியில் தூக்கிச் சுற்றிப் பாருங்கள், பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று.

டயரையும் மறக்கக் கூடாது. அழகுக்காகப் பெரிய டயர் மாட்டியவர்களுக்கு இது புரிவதே இல்லை: 28 அங்குல உயர டயரைக் கழற்றி 31 அங்குலம் போட்டால், எல்லாக் கியரும் ஏறக்குறைய 11 சதவீதம் ‘நீண்டு’ விடுகிறது. முதல் கியரில் கிளம்பும்போது கிளட்ச் அதிக நேரம் உரசும். ஸ்பீடோமீட்டர் குறைவாகக் காட்டும். இந்த நோய்க்குப் பவர் மருந்தாகாது. பழைய டயருக்குத் திரும்புவது, அல்லது கிரவுன்-பினியனை விகிதம் கூடியதாக மாற்றுவது, இரண்டே வழிதான். முதலாவது சல்லிசு.

டீசல் டேங்கிலிருந்து நாசில் வரை

இன்றைய காமன் ரெயில் என்ஜினில் டீசல் போகும் வழி இது: டேங்க், தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர், ஹை பிரஷர் பம்ப், ரெயில், இன்ஜெக்டர். மிச்சம் திரும்பி டேங்குக்கு. ரெயிலில் அழுத்தம் 1,600 பாரைத் தொடும், புதிய என்ஜின்களில் 2,000ஐயும் தாண்டும். இன்ஜெக்டருக்குள் அசையும் பாகங்களின் இடைவெளி சில மைக்ரான்கள்தான். தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டி கொஞ்சம் அழுக்கு டீசலைப் பொறுத்துக்கொண்டு இருமிக்கொண்டே ஓடும். காமன் ரெயிலுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

நம் பக்கத்தில் இதற்கு முதல் எதிரி தண்ணீர். ஐப்பசி, கார்த்திகை மழை, கடற்காற்று, தோப்பில் கேனில் வைத்திருக்கும் டீசல், பாதி காலியாக இரவெல்லாம் நிற்கும் டேங்க், நான்கும் தண்ணீரை உள்ளே கொண்டுவருகின்றன. மாலையில் வேலை முடிந்ததும் டேங்கை நிரப்பி நிறுத்துவது பைசா செலவில்லாத மேம்பாடு. ஃபில்டரின் அடியில் இருக்கும் வடிகுழாயைத் திறந்து கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் பிடித்துப் பத்து நிமிடம் வையுங்கள். அடியில் கோடு பிரிந்து நின்றால் அது தண்ணீர். மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை இதைச் செய்தால் போதும்.

மீன் ஏற்றுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. ஐஸ் உருகிச் சொட்டும் உப்பு நீர் டேங்க் பட்டையையும் டீசல் பைப்பையும் அரிக்கும். துரு உட்பக்கம் உதிர்ந்தால் அது நேரே ஃபில்டருக்கு வரும். பாடியின் அடியில் தகடு அடித்து நீரைப் பின்னால் வழியவிடுங்கள். பைப்பில் புள்ளி புள்ளியாகத் துரு தெரிந்தாலே மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது எதிரி, டீசலில் மண்ணெண்ணெய் கலப்பது. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுக்க விற்கும் பிஎஸ்6 டீசலில் கந்தகம் 10 பிபிஎம் அளவுக்கு மேல் இல்லை. கந்தகத்தை நீக்கும்போது டீசலின் இயல்பான வழவழப்பும் குறைகிறது. அதை ஈடுகட்டச் சுத்திகரிப்பு நிலையத்திலேயே மருந்து சேர்க்கிறார்கள். அதில் மண்ணெண்ணெயை ஊற்றினால் அந்த வழவழப்பு மறுபடி போகும். ஹை பிரஷர் பம்ப்புக்கு டீசலேதான் எண்ணெய், வேறு எதுவும் அதை நனைப்பதில்லை.

பம்ப் டீசலை நம்பித்தான் உயிர் வாழ்கிறது என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பெரிய பாடம் உண்டு. 1998இன் பிற்பாதியிலிருந்து 2002 வரை வந்த டாட்ஜ் ராம் பிக்கப்களில் கம்மின்ஸ் 5.9 லிட்டர் என்ஜினோடு பாஷ் விபி44 பம்ப் இருந்தது. அதற்கு முன்னால் டீசல் தள்ளும் சிறிய லிஃப்ட் பம்ப் சோர்ந்துபோகும். விலை அதிகமான விபி44 பசியில் சூடேறிச் செத்துவிடும். அந்த வண்டிக்காரர்கள் பவர் ஏற்றுவதற்கு முன் செய்த முதல் வேலை, லிஃப்ட் பம்ப்பை மாற்றி கேபினில் டீசல் அழுத்த மீட்டர் வைத்தது. 2011 முதல் 2016 வரை வந்த டியூராமேக்ஸ் டீசல் என்ஜின்களில் சிபி4 பம்ப் உடைந்தால் இரும்புத் துகள் ரெயில் முழுக்கப் பரவி எல்லா இன்ஜெக்டரையும் கெடுத்தது. பலர் பழைய சிபி3 பம்ப்புக்கே திரும்பினார்கள்.

இங்கே இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது கூடுதல் ஃபில்டர். ஆனால் எங்கே மாட்டுவது என்பதில்தான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். பல பிக்கப்களில் டேங்கில் மின் பம்ப் கிடையாது. ஹை பிரஷர் பம்ப்போடு சேர்ந்த கியர் பம்ப்தான் டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சுகிறது. அந்த உறிஞ்சும் பக்கத்தில் 2 மைக்ரான் ஃபில்டர் ஒன்றைக் கூடுதலாகப் போட்டால் என்ன ஆகும்? பம்ப் மூச்சடைத்து இழுக்கும். இழுப்பு கூடும்போது ஒவ்வொரு ஹோஸ் மூட்டிலிருந்தும் காற்று உள்ளே வரும். காலையில் ஸ்டார்ட் ஆகத் தாமதம், மேட்டில் ஏறும்போது திணறல், ஏர் லாக். எல்லாம் ‘நல்லது செய்யப் போய்’ வந்த வினை.

உறிஞ்சும் பக்கம் 30 மைக்ரான் அளவில் தண்ணீர் பிரிக்கும் பாத்திரம் வைத்த ஃபில்டர் போதும். நுண்ணிய வேலையைக் கம்பெனி ஃபில்டரிடமே விடுங்கள், அதை மட்டும் நேரத்துக்கு மாற்றுங்கள். நுண்ணிய ஃபில்டரும் கூடுதலாக வேண்டும் என்றால் டேங்க் பக்கத்தில், டேங்கின் அடிமட்டத்துக்குக் கீழே, மின் லிஃப்ட் பம்ப் வைக்க வேண்டும். அந்த ஹை பிரஷர் பம்ப் ஏற்கும் அழுத்தத்தைத் தாண்டாத மாடலாகப் பார்த்து எடுங்கள், இல்லாவிட்டால் சீல் போகும். ரிலே, ஃபியூஸ் இரண்டும் கட்டாயம். சாவியை அணைத்தால் பம்ப் நிற்க வேண்டும்.

மாட்டி முடித்ததும் ஃபில்டரிலிருந்து பம்ப்புக்குப் போகும் இடத்தில் ஒரு சாண் கண்ணாடி ஹோஸைத் தற்காலிகமாகப் போட்டு வண்டியை ஓட்டிப் பாருங்கள். நூல் போலக் குமிழி ஓடினால் முன்னால் எங்கோ காற்று வருகிறது. செப்பு வாஷர்களைத் திரும்பப் போடாதீர்கள். புதியது சில ரூபாய்தான்.

இன்ஜெக்டர் சரியில்லை என்று பம்ப் கடைக்காரர் சொன்னால் திரும்பும் டீசலை அளந்து காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் தனித்தனிச் சிறு பாட்டிலில் விட்டு, என்ஜினைச் சில நிமிடம் ஓட்டுவது. நான்கில் ஒரு பாட்டில் மட்டும் வேகமாக நிறைந்தால் தேய்ந்தது அதுதான். நான்கையும் மாற்றத் தேவையில்லை. புதிய இன்ஜெக்டர் போட்டால் அதன் மேல் பொறித்த எழுத்து-எண் குறியீட்டை ஸ்கேனர் வழியாக இசியுவில் ஏற்ற வேண்டும். இதைச் செய்யாத கடையில் இன்ஜெக்டர் வேலை கொடுக்காதீர்கள். என்ஜின் ஓடும்போது ரெயில் பைப்பின் நட்டைத் தளர்த்துவது இன்னொரு பழைய பழக்கம். 1,600 பாரில் பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வலி முதலில் பெரிதாகத் தெரியாது, ஆனால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். பட்டுவிட்டால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கிளட்ச்

டாப் கியரில் குறைந்த வேகத்தில் ஓட்டி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். என்ஜின் சத்தம் மட்டும் ஏறி வண்டி ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. அந்த வண்டிக்குப் பவர் ஏற்றினால் வழுக்கல்தான் ஏறும்.

கிளட்ச் எவ்வளவு டார்க் தாங்கும் என்பது மூன்று விஷயங்களால் அமைகிறது: பிரஷர் பிளேட் அமுக்கும் விசை, லைனிங்கின் உராய்வு, பிளேட்டின் விட்டம். கம்பெனிகள் சாதாரணமாக என்ஜின் டார்க்கைப் போல ஒன்றேகால் முதல் ஒன்றரை மடங்கு தாங்கும்படி வைக்கின்றன. பிஎஸ்6 வி-கிராஸின் 1.9 லிட்டர் என்ஜின் 360 நியூட்டன் மீட்டர். அதை 25 சதவீதம் ஏற்றினால் 450. ஒன்றேகால் மடங்குக் கிளட்சாக இருந்தால் மிச்சம் பூஜ்யம். சூட்டில் லைனிங்கின் பிடி குறையும்போது அந்தப் பூஜ்யமும் கழித்தலுக்குள் போகும்.

எனவே என்ன மாற்றலாம்? லோடு வண்டிக்கு நான் சொல்வது: அதே விட்டத்தில் தரமான ஆர்கானிக் லைனிங் பிளேட்டும், கொஞ்சம் அமுக்கம் கூடிய பிரஷர் பிளேட்டும். செராமிக் பட்டன் பிளேட் பந்தய வண்டிக்கானது. அது கடித்து இழுக்கும். பஜாரில் ஊர்ந்து போகும்போது வண்டி குதிக்கும், பலாப்பழம் தானாகவே இறங்கிவிடும். அமுக்கத்தை அளவுக்கு மீறிக் கூட்டினால் பெடல் கல்லாகும், கிராங்கின் திரஸ்ட் பேரிங்கும் தேயும்.

கியர்பாக்ஸ் இறக்கிய கூலி ஒரே கூலி. அப்போதே ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், கிராங்கின் பின் ஆயில் சீல், கியர்பாக்ஸின் முன் சீல் எல்லாம் மாற்றிவிடுங்கள். ஃபிளைவீலைக் கடைசலுக்கு அனுப்பி முகத்தைச் சமமாக்குங்கள். இரட்டைத் தட்டு ஃபிளைவீல் உள்ள வண்டியில் மட்டும் அதைக் கடையாதீர்கள். அது மாற்ற வேண்டிய பொருள். அதை ஒற்றைத் தட்டாக்கித் தருகிறேன் என்பார்கள். செய்யலாம், செலவும் மிச்சம். ஐடிலில் கியர்பாக்ஸ் கடகடவென்று பேசுவதைக் கேட்டுக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்கும்.

மணல் தோப்பில் கிளட்ச் சாவதற்குப் பெரும்பாலும் காரணம் பிளேட் அல்ல, இரண்டாம் கியரில் அரைக் கிளட்சில் கிளப்புவது. டயர் காற்றைக் கொஞ்சம் இறக்கி, முதல் கியரில், கிளட்சை முழுக்க விட்டு நகருங்கள். தார்ச் சாலைக்கு வந்ததும் காற்றைத் திரும்ப ஏற்றிவிடுங்கள்.

கியர்பாக்ஸ், ஆயில், வெள்ளம்

கையால் போடும் கியர்பாக்ஸுக்குப் பெரிய மேம்பாடு எதுவும் சொல்லப் போவதில்லை. சரியான ஆயில் போதும். கிரவுன் ஹவுசிங்குக்கு ஜிஎல்-5 வேண்டும். அதே டின்னை, புத்தகம் ஜிஎல்-4 கேட்கும் கியர்பாக்ஸிலும் ஊற்றுகிறார்கள். ஜிஎல்-5இன் கந்தகச் சேர்மானம் பித்தளைச் சின்க்ரோ வளையங்களைத் தின்னும். மூன்றாம் கியர் கரகரப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆட்டோமேட்டிக் வி-கிராஸ், ஹைலக்ஸ் வைத்திருப்பவர்களுக்குச் சூடுதான் பிரச்சினை. அக்னி நட்சத்திரத்தில், லோடோடு, மெதுவான வேகத்தில், டார்க் கன்வெர்ட்டர் லாக் ஆகாமல் ஓடும்போது ஆயில் கொதிக்கும். 120 டிகிரியைத் தாண்டினால் ஆயில் வேகமாகக் கெடும். தனி ஆயில் கூலர் ஒன்றை, இருக்கிற கூலருக்கு அடுத்ததாகத் தொடர் வரிசையில், முன் கிரில்லுக்குப் பின்னால் மாட்டலாம். ‘ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்’ என்று எழுதியிருந்தாலும் இந்த வெயிலில் ஆயிலை மாற்றுங்கள். கம்பெனி சொன்ன ஆயில் மட்டும். அளவு பார்ப்பதும் அவர்கள் சொன்ன சூட்டில்.

எல்லாவற்றையும்விட மலிவான வேலை ஒன்று இருக்கிறது. கியர்பாக்ஸ், கிரவுன் ஹவுசிங் இரண்டின் தலையிலும் மூச்சுக் குழாய் இருக்கும். ஓடிச் சூடான ஹவுசிங் சட்டென்று வெள்ளத்தில் குளிர்ந்தால் உள்ளே காற்று சுருங்கி, அந்தத் துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். 2015 நவம்பரில் குறிஞ்சிப்பாடி வட்டத்து ஊர்கள் மூழ்கியது நினைவிருக்கும். அப்படி நின்ற வண்டிகளின் ஆயில் பால் போல வெளுத்து வடியும். மூச்சுத் துளையில் ஒரு நல்ல ரப்பர் ஹோஸை மாட்டி, கேபினுக்கு அடியில் உயரத்தில் கட்டிவிட்டால் முடிந்தது. செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு.

பவர் ஏற்றுவதும் சட்டமும்

டியூனிங் பாக்ஸ்களில் பல, ரெயில் சென்சாரை ஏமாற்றி அழுத்தத்தைக் கூட்ட வைப்பவை. பம்ப் வடிவமைப்புக்கு மேலே தள்ளப்படும். ரீமேப் அதைவிடப் பரவாயில்லை, ஆனால் செய்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ஏற்றிய பிறகு புகைபோக்கியின் சூடு எவ்வளவு? லோடோடு தொடர்ந்து 700 டிகிரிக்கு மேலே போனால் அலுமினிய பிஸ்டனுக்கு ஆபத்து. அளந்து பார்க்காதவர் ஊகத்தில் வேலை செய்கிறார். பழைய மெக்கானிக்கல் பம்ப்பில் டீசலைக் கூட்டிக் கரும்புகை விடுவது எனக்குப் பவராகப் படவில்லை. அது காசை எரித்து வானத்துக்கு அனுப்புவது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஃபில்டர், கிளட்ச், ஆயில், மூச்சு ஹோஸ் இவற்றால் ஆர்.சி. விவரம் மாறாது. வேறு என்ஜின் போடுவது, பிஎஸ்6 வண்டியில் புகை வடிகட்டியைக் கழற்றி மென்பொருளில் அழிப்பது இவை வேறு ரகம். எஃப்.சி. அன்று மாட்டுவது ஒரு பக்கம் இருக்கட்டும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் தேடுவது இதைத்தான். புதிய வண்டி என்றால் ரீமேப்போடு வாரண்டியையும் மறந்துவிடலாம்.

வேலை முடிந்து வண்டி வந்ததும்

மாற்றிய பழைய சாமான்களைக் கேட்டு வாங்கி வாருங்கள். பில்லில் பாகத்தின் எண்ணும் அன்றைய கிலோமீட்டரும் இருக்க வேண்டும். புதிய கிளட்சுக்கு முதல் 500 கிலோமீட்டர் பாதி லோடு மட்டும், முழு மிதி வேண்டாம். முதல் நாள் மாலையே டீசல் மூட்டுகளை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள், ஈரம் ஒட்டுகிறதா என்று. 1,000 கிலோமீட்டரில் கியர் ஆயில் வடிகால் திருகைக் கழற்றி அதன் காந்தத்தைப் பாருங்கள். மை போல மெல்லிய சாம்பல் பசை இருந்தால் சாதாரணத் தேய்மானம், துடைத்துவிட்டு மாட்டலாம். நகத்தில் இடறும் அளவுக்குச் சில்லு இருந்தால் லோடு ஏற்றுவதை நிறுத்தி, பலா சீசன் தொடங்குவதற்கு முன்பே கியர்பாக்ஸைத் திறந்துவிடுங்கள். சித்திரையில் எந்த ஒர்க்‌ஷாப்பிலும் இடம் கிடைக்காது.